மின்னொளி கபடிப் போட்டிகளில் பரவும் முகக் கொப்புளம்: எடை போடும்போதே தோலையும் பார்க்கலாமே

மேலூர் கார்னர்:

மதுரை வட்டாரத்தில் அணி நடத்துகிறவர்கள், போட்டி நடத்துகிறவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். பொங்கலில் தொடங்கி மேலூர், கொட்டாம்பட்டி, நத்தம் பக்கம் தொடர்ந்து மின்னொளிப் போட்டிகள். எங்கள் பையன்கள் ஒன்றைக்கூட விடவில்லை. மாசி பிறந்த நேரத்தில் எங்கள் வலது கார்னருக்கு, அதாவது வலது ஓரத்தில் நின்று பிடிக்கிற பையனுக்கு, கன்னத்திலும் காதோரத்திலும் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம், கொத்தாக. கூடவே காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டிவிட்டது. மெடிக்கலில் காட்டினான். படர்தாமரை என்று ஒரு டியூப் கொடுத்தார்கள். தடவத் தடவப் பரவியது. அடுத்து அவனோடு கைகோத்துச் செயின் போடும் பையனுக்கு முன்கையில் வந்தது. அப்புறம் பயிற்சியில் அவன் இறுக்கிப் பிடித்த ரைடருக்கு நெற்றியில்.

தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனோம். ஹெர்பிஸ் என்றார். மாத்திரை கொடுத்தார், ஆறிக்கொண்டு வருகிறது. ஆனால் அந்தப் பெயரை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு ஒரு பையனின் அப்பா, இது தப்பான வழியில் வரும் நோய், நீ எங்கே போனாய் என்று வீட்டில் போட்ட சண்டையில் பையன் இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தான். அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. கபடி ஆடினான், அவ்வளவுதான்.

முழங்காலுக்கு நீ-கேப், கணுக்காலுக்கு கிரேப் பேண்டேஜ், ஐஸ், ஸ்பிரே எல்லாம் வாங்கி வைக்கிறோம். தோலுக்கு யாராவது ஏதாவது செய்கிறீர்களா? போட்டிக்கு முன்னால் எடை போடுகிறோமே, அந்த இடத்திலேயே தோலையும் பார்த்துவிட்டால் என்ன?

வாடிப்பட்டி ரைடர்:

அண்ணே, இதை எங்கள் பக்கம் அக்கி என்போம். குயவர் வீட்டில் காவி குழைத்து எழுதிவிடுவார்கள். எனக்கே இடுப்பில் வந்து எழுதியிருக்கிறேன், சரியாகிவிட்டது. மாத்திரையெல்லாம் தேவையா?

தோல் மருத்துவர், மதுரை:

வாடிப்பட்டித் தம்பிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இடுப்பில் வந்த அக்கி வேறு வைரஸ். சின்ன வயதில் சின்னம்மை போட்டபோது உடம்புக்குள் போனது நரம்பில் தங்கியிருந்து, பல வருடம் கழித்து ஒரு பக்கமாகப் பட்டை போல எழும்பும். எழுதினாலும் எழுதாவிட்டாலும் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கிவிடும். எழுதிக்கொண்டவர் வீட்டில் ஓய்வாக இருப்பார், அது நல்லதுதான். ஆனால் மேலூர்க்காரர் சொல்வது அதுவல்ல. அவர் சொல்வது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை. உதட்டோரம் காய்ச்சல் கொப்புளம் என்று பலருக்கு வருமே, அதே வைரஸ். குழந்தையாக இருக்கும்போது பெரியவர்கள் கொடுத்த முத்தத்திலேயே பாதிப் பேருக்கு மேல் வந்துவிடும். இதற்கும் ஒழுக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை. அந்த அப்பாவை என்னிடம் அனுப்பினால்கூட நான் உட்காரவைத்துப் பேசுகிறேன்.

மல்யுத்தக்காரர்களிடம் இது பரவுவது 1960களிலேயே மருத்துவ இதழ்களில் வந்துவிட்டது. ரோமாபுரியில் அரங்கில் சண்டையிட்ட கிளாடியேட்டர்களின் பெயரையே வைத்து ஹெர்பிஸ் கிளாடியேட்டோரம் என்றார்கள். ரக்பி ஆடுகிறவர்களிடமும் இதே கதைதான். நன்றாக ஆராயப்பட்டது 1989இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நடந்த பள்ளி மாணவர் மல்யுத்த முகாம். 175 பேர் கலந்துகொண்டதில் 60 பேருக்கு வந்தது. மூன்றில் ஒருவர். பெரும்பாலோருக்குத் தலையிலும் முகத்திலும்தான். ஏனென்றால் மல்யுத்தத்தில் கன்னத்தோடு கன்னம் அழுத்தித்தான் பிடி தொடங்கும். சிலருக்குக் கண்ணிலும் போனது. கொப்புளம் இருக்கிற பையனோடு பிடி போட்டவர்களுக்கு வாய்ப்பு அதிகம் என்பது அந்த ஆய்விலேயே தெரிந்தது. அதே மாநிலத்தில் 2007இல் மறுபடி பரவியபோது பள்ளி மல்யுத்தத்தையே ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்திவைத்தார்கள்.

கபடியில் கன்னம் கன்னத்தோடு அழுந்துவது குறைவு. ஆனால் தொடை பிடிக்கும்போது பிடிக்கிறவன் முகம் ரைடரின் தொடையில் உரசுகிறது. மேலே விழுந்து அமுக்கும்போது நாலைந்து பேர் கழுத்தும் முகமும் கையும் ஒன்றாகக் கிடக்கிறது. செயினில் முன்கையோடு முன்கை. அதோடு மண்ணில் விழுந்து சிராய்த்த தோல். முழுத் தோலுக்குள் இந்த வைரஸ் எளிதில் நுழையாது, சிராய்ப்பு இருந்தால் நுழையும்.

மேலூர்க்காரர் சொன்ன அந்த டியூப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். படர்தாமரைக்கு என்று கடையில் மருத்துவர் சீட்டுக் கேட்காமல் தரும் பல களிம்புகளில் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். முதல் இரண்டு நாள் அரிப்பு அடங்கும், சரியாகிறது என்று நினைப்பார்கள். உள்ளே தோலின் எதிர்ப்பு சக்தி அமுங்கிப்போய் வைரஸ் தாராளமாகப் பரவும். நான் பார்க்கும் பையன்களில் முக்கால்வாசிப் பேர் இந்த டியூபைத் தடவிவிட்டுத்தான் வருகிறார்கள். வேதனையாக இருக்கிறது. அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் மாத்திரைகளைத் தொடக்கத்திலேயே கொடுத்தால் நன்றாகக் கேட்கும்.

கண்ணுக்குப் பக்கத்தில், இமையில், மூக்கு நுனியில் கொப்புளம் வந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். கருவிழியில் தழும்பு விழுந்தால் பார்வை போகும். அரவிந்த் கண் மருத்துவமனை பிறந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு பையன் தாமதத்தால் பார்வை இழக்கக் கூடாது.

உசிலை விழாக்குழு:

டாக்டர் சார் சொல்வதெல்லாம் சரி. நடத்துகிறவன் கஷ்டத்தையும் கேளுங்கள். இரவு எட்டு மணிக்குத் தொடங்கினால் விடிய விடிய நடக்கும். முப்பது நாற்பது அணி. நுழைவுக் கட்டணம் கட்டி, வேன் பிடித்து, தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வந்திருப்பார்கள். களத்தில் நின்று உன் கன்னத்தில் கொப்புளம், வெளியே போ என்றால் அடிதடி ஆகிவிடும். அதோடு இந்தப் பையன்களில் பாதிப் பேர் போலீஸ், ரயில்வே என்று விளையாட்டு ஒதுக்கீட்டை நம்பி ஆடுகிறவர்கள். பார்க்க ஆள் வந்திருக்கும் நாளில் ஒருவனை உட்காரவைத்தால் அவன் வாழ்க்கைக்கு யார் பொறுப்பு? பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஆடட்டுமே.

தோல் மருத்துவர், மதுரை:

ஈரமாக இருக்கும் கொப்புளத்தைப் பிளாஸ்திரி போட்டு மூடி ஆடவைப்பதை அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த விதிகளே ஏற்பதில்லை. வியர்வையில் ஒரே ரெய்டில் பிய்ந்துவிடும். அவர்கள் கேட்பது: காய்ச்சல் போயிருக்க வேண்டும், புதுக் கொப்புளம் எதுவும் வராமல் 72 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், இருப்பதெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்க வேண்டும், மாத்திரை தொடங்கி 120 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஐந்து நாள். முதல் முறை வந்தவனுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது நல்லது.

இந்த வைரஸ் உள்ளே வந்தால் ஆயுளுக்கும் நரம்பில் இருக்கும். களைப்பு, வெயில், வேறு காய்ச்சல் என்று உடம்பு தளரும்போது மறுபடி எழும். முதலில் அந்த இடத்தில் ஊரல், எரிச்சல், குத்தல். அதைச் சொல்லத் தெரிந்த பையன் ஒரு நாள் முன்னாலேயே மாத்திரை போட்டுவிடலாம். அடிக்கடி வருகிறவனுக்குப் போட்டிக் காலம் முழுக்கத் தினம் மாத்திரை கொடுக்கும் வழியும் உண்டு. அதனால் உசிலைக்காரர் பயப்படுவது போல யார் வாழ்க்கையும் முடியாது. ஒரு போட்டி போகும்.

மேலூர் கார்னர்:

உசிலை அண்ணே, உங்கள் கஷ்டம் எனக்கும் தெரியும், நானும் கமிட்டியில் இருந்தவன். ஆனால் அணியையே வெளியேற்றச் சொல்லவில்லை. பட்டியலில் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள், உள்ளே ஏழு பேர். ஒருவனை மாற்ற இடம் இருக்கிறது. களத்தில் வைத்துச் சொல்வதுதான் அவமானம். எடை போடும் இடத்தில் பையன்கள் சட்டையைக் கழற்றிவிட்டு ஜட்டியோடு வரிசையில் நிற்கிறார்கள். அங்கேயே டியூப் லைட் வெளிச்சத்தில் முகம், கழுத்து, கை, முதுகு, தொடை என்று பார்த்தால் ஆளுக்கு அரை நிமிடம். டாக்டர் சொன்ன அந்த மல்யுத்தக்காரர்களும் எடை போடும்போதுதான் பார்க்கிறார்கள் என்று படித்தேன்.

நம்மால் முடியாது என்று சொல்லாதீர்கள். 2022 சனவரியில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு எல்லாவற்றிலும் இரண்டு தவணை ஊசிச் சான்றும் கொரோனா இல்லை என்ற சான்றும் இல்லாமல் வீரர்களை உள்ளே விடவில்லை. வாடிவாசலில் அத்தனை கூட்டத்தை வைத்துக்கொண்டு அதைச் செய்த ஊர் இது.

பேரையூர் மண்களம்:

மேட் விரித்து ஆடுகிறவர்களுக்கு ஒன்று கேட்கிறேன். நாங்கள் செம்மண் களத்தில் ஆடுகிறோம், தண்ணீர் தெளித்து உழுது வைக்கிறோம். மண்ணிலிருந்து இந்த நோய் வருமா? மேட் கழுவ என்ன போடுவது? எங்கள் பக்கம் புதிதாக ஒரு பள்ளியில் மேட் வாங்கியிருக்கிறார்கள், டெட்டால் தெளிக்கிறார்கள்.

தோல் மருத்துவர், மதுரை:

ஹெர்பிஸ் பெரும்பாலும் தோலிலிருந்து தோலுக்கு. மண்ணைக் குறை சொல்ல வேண்டாம், மண் செய்யும் சிராய்ப்பைக் கவனியுங்கள். ஆட்டம் முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும், விடிந்து வீட்டுக்குப் போய்க் குளிக்கலாம் என்று வியர்வையோடு வேனில் தூங்கக் கூடாது. மேட் விரிப்புக்கு ப்ளீச்சிங் கரைசலை நன்றாக நீர்க்கச் செய்து, அழுக்கைத் துடைத்த பிறகு தடவி, பத்து நிமிடம் விட்டு வெறும் தண்ணீரால் துடைத்தால் போதும். ரத்தம் சிந்தினால் மட்டும் வீரியமான கரைசல், கையுறை.

எல்லோருக்கும் ஒரே துண்டு, ஒரே தண்ணீர் பாட்டில், மாற்றி மாற்றிப் போடும் ஜெர்சி, விடுதியில் ஒரே ரேசர். இவை மண்ணைவிட மோசம். ஆட்டத்துக்கு முன் முகச்சவரம் செய்து வருவதைக்கூட நான் வேண்டாம் என்பேன், கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். முத்து முத்தாக நடுவில் குழி விழுந்த சின்னக் கட்டிகள் வரும், மொலஸ்கம் என்போம். மருவும் அப்படித்தான். இரண்டும் வைரஸ்தான், துண்டிலும் பரவும், ஆனால் ஆபத்து குறைவு. அவற்றை மூடிவிட்டு ஆடலாம்.

திருமங்கலம் பிடி டீச்சர்:

பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை நான், பெண் பிள்ளைகள் அணியை நடத்துகிறேன். எனக்குக் கொப்புளத்தைவிடச் சின்னம்மைதான் பெரிய கவலை. பங்குனி, சித்திரையில்தான் அம்மையும் கோயில் கொடையும் போட்டியும் சேர்ந்து வருகின்றன. அம்மை போட்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகி, வெளியாள் வராமல், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை பிள்ளையை வெளியே விடாமல் நம் அம்மாக்கள் வைத்திருந்தது எவ்வளவு நல்ல வழக்கம். பொருக்கு எல்லாம் காய்ந்த பிறகுதான் வெளியே விட வேண்டும் என்று மருத்துவமும் அதையே சொல்கிறது. இப்போது அவசரப்பட்டு, மாத்திரை போட்டாயிற்று என்று நாலாம் நாளே பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே தொற்றும் என்பதால், ஒரு பிள்ளைக்கு வந்தால் கூட ஆடிய எல்லோரையும் மூன்று வாரம் கவனிக்கிறேன். இதற்கு ஊசி உண்டு, ஆனால் அரசுத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை, தனியாரிடம் இரண்டு தவணை போட வேண்டும். பெரிய வயதில் வந்தால் நுரையீரல் வரை போகும் என்பதால், சின்ன வயதில் அம்மை போடாத பிள்ளைகளின் பெற்றோரிடம் நான் நேரிலேயே போய்ச் சொல்கிறேன்.

பொன்னுக்கு வீங்கியும் அப்படித்தான். அரசு ஊசியில் தட்டம்மையும் ருபெல்லாவும்தான் இருக்கின்றன, பொன்னுக்கு வீங்கி இல்லை. 2014இல் அமெரிக்க, கனடிய ஐஸ் ஹாக்கி லீக்கில் அணி அணியாக இது பரவி, சிட்னி கிராஸ்பி போன்ற பெரிய ஆட்டக்காரரே வீங்கிய கன்னத்தோடு நின்றார். எச்சில் வழியாகப் பரவுவது. மூச்சு விடாமல் கபடி கபடி என்று பாடிக்கொண்டு எதிராளி முகத்துக்கு ஒரு முழத்தில் நிற்கும் ஆட்டம் நம்முடையது. கொரோனா வந்தபோது 2020இல் புரோ கபடியே நடக்கவில்லை. மறு வருடம் டிசம்பரில் பெங்களூருவில் ஒரே விடுதிக்குள் ஆள் கூட்டம் இல்லாமல் நடத்தியும், சனவரியில் இரண்டு அணிகளுக்குள் புகுந்துவிட்டது. அதனால் காய்ச்சல், இருமல் என்றால் பயிற்சியே கிடையாது என்பது எங்கள் பள்ளியில் நான் வைத்த சட்டம். தண்ணீர் பாட்டில் ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதி.

தோல் சோதனை வைத்தால் பெண் பிள்ளைகளுக்குப் பெண்தான் பார்க்க வேண்டும், மறைவான அறையில். இதை முதலிலேயே எழுதிவையுங்கள், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

கள்ளந்திரி தம்பி:

இதைக் கேட்பதற்குத் தயக்கமாக இருக்கிறது. எங்கள் அணியில் நன்றாக ஆடும் ஒரு பையன். அவன் அப்பா எய்ட்ஸில் இறந்தவர். பையனுக்கு இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மற்ற பெற்றோர் அவனோடு ஆடவிடமாட்டோம் என்கிறார்கள். என்ன செய்வது?

திருமங்கலம் பிடி டீச்சர்:

தம்பி, அவனை ஆடவையுங்கள். வியர்வையிலும் எச்சிலிலும் எச்ஐவி பரவாது. ரத்தம் ரத்தத்தோடு கலக்க வேண்டும், அதுவும் விளையாட்டில் மிக அரிது. அமெரிக்கக் கால்பந்தில் அவ்வளவு முட்டல் மோதலை வைத்துக் கணக்குப் போட்டு, எட்டரைக் கோடி மோதலில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் தொற்றும் என்றார்கள். மேஜிக் ஜான்சன் 1991 நவம்பரில் தனக்கு இருக்கிறது என்று வெளியே சொல்லிவிட்டு, அடுத்த வருடம் பார்சிலோனா ஒலிம்பிக்கில் கூடைப்பந்து ஆடித் தங்கம் வாங்கினார். நம் நாட்டில் 2017 சட்டப்படி எச்ஐவி இருப்பதற்காக ஒருவரை ஒதுக்கக் கூடாது, சோதனை செய்துகொள் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. இருக்கிறதா என்றே தெரியாத பையனை ஒதுக்குவது அதைவிடக் கொடுமை. அப்பாவை இழந்த பிள்ளை, கபடியையும் பிடுங்கினால் அவனுக்கு என்ன இருக்கும்?

தோல் மருத்துவர், மதுரை:

டீச்சர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். அந்தப் பெற்றோர் பயப்பட வேண்டிய வைரஸ் வேறு. ஹெபடைடிஸ் பி. கல்லீரலைத் தாக்கும் மஞ்சள் காமாலை வகை. தொற்று உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்திக் காயம்பட்ட மருத்துவப் பணியாளரை வைத்துச் சொல்வதென்றால், எச்ஐவி ஆயிரத்தில் மூன்று பேருக்குத் தொற்றும், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி நூற்றில் முப்பது பேர் வரை. காய்ந்த ரத்தத்தில் ஒரு வாரம் உயிரோடிருக்கும். ஜப்பானில் ஒரு பள்ளியின் சூமோ மல்யுத்தக் குழுவுக்குள் இது பரவியிருக்கிறது. ஸ்வீடனில் 1957 தொடங்கிச் சில வருடம், காட்டுக்குள் வழி கண்டுபிடித்து ஓடும் பந்தயக்காரர்களில் ஐந்நூறு பேருக்கு மேல் காமாலை வந்தது. முள் கீறிய கால்களோடு ஓடி, பிறகு ஒரே தண்ணீரில் கழுவிக்கொண்டார்கள். கால் மூடிய உடை கட்டாயம் என்றதும் குறைந்தது.

இதற்குத் தடுப்பூசி இருக்கிறது, மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து. தமிழ்நாட்டில் 2011 டிசம்பரில் குழந்தைகளுக்கான ஐந்து நோய் ஊசி வந்தபோது இதுவும் அதில் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்த பையன்கள், அதாவது இப்போது பெரியவர் பிரிவில் ஆடுகிற எல்லோரும், போட்டிருக்கிறார்களா என்று அம்மாவிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும். இல்லையென்றால் போட வேண்டும். அணிக்கு ஜெர்சி வாங்கித் தரும் புரவலரிடம் ஒரு முறை இதைக் கேட்டுப் பாருங்கள், தருவார்கள்.

களத்தில் மூக்குடைந்தால், புருவம் கிழிந்தால் நடுவர் உடனே நிறுத்த வேண்டும். ரத்தம் நின்று, காயம் கட்டி, ரத்தம் பட்ட சட்டையை மாற்றிய பிறகே மறுபடி இறங்கலாம். இப்போது மண்ணை அள்ளி அப்பிக்கொண்டு ஆடுகிறார்கள், கூட்டமும் கைதட்டுகிறது.

உசிலை விழாக்குழு:

சரி. நான் எதிர்த்துப் பேசினேன், ஆனால் டீச்சர் அந்தத் தம்பிக்குச் சொன்ன பதிலையும் டாக்டர் கணக்கையும் எங்கள் குழுவில் வாசித்தேன். எடை போடும் இடத்தில் பார்ப்பதற்கு ஒப்புக்கொண்டார்கள். இரண்டு நிபந்தனை. உட்காரவைக்கும் பையனின் பெயரை மைக்கில் சொல்லக் கூடாது. அவனுக்குப் பதில் ஆளைப் பட்டியலில் சேர்க்க அந்த இடத்திலேயே அனுமதி, கட்டணம் இல்லை. யார் பார்ப்பது என்பதுதான் இன்னும் இடிக்கிறது. டாக்டர் யாரும் இரவு வரமாட்டார்கள்.

மேலூர் கார்னர்:

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டேன், நர்ஸ் அக்கா ஒருவர் சாயங்காலம் வந்து எடை முடியும் வரை இருக்கிறேன் என்றார். பையன்கள் படம் எடுத்து வரக்கூடிய மருத்துவச் சான்று மாதிரி ஒன்றை டாக்டர் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஏற்கெனவே வந்து ஆறியவன் அதைக் காட்டினால் தடையில்லை. நோட்டீஸில் கீழே இப்படிப் போடுகிறோம்: "காய்ச்சல், நீர்க்கொப்புளம், ஆறாத புண், கண்சிவப்பு உள்ள வீரர்கள் தவிர்க்கவும். எடையின்போது தோல் பரிசோதனை உண்டு. மாற்று வீரருக்கு அனுமதி உண்டு. துண்டு, தண்ணீர் பாட்டில் அவரவர் கொண்டுவரவும்." பரிசு விவரத்துக்குக் கீழே, அதே எழுத்து அளவில்.

தோல் மருத்துவர், மதுரை:

நல்லது. காய்ச்சல் என்பதை முதலில் போட்டதற்குத் தனியாகச் சந்தோஷம். வைரஸ் காய்ச்சலோடு மூச்சுமுட்ட ஆடினால் இதயத் தசையில் அழற்சி வந்து களத்திலேயே சுருண்டு விழும் ஆபத்து உண்டு. அந்த வரியை மட்டும் யாருக்காகவும் தளர்த்தாதீர்கள்.

வாடிப்பட்டி ரைடர்:

டாக்டர், நாளை சோழவந்தானில் எங்களுக்கு ஆட்டம். எங்கள் இடது கார்னருக்கு நேற்றிலிருந்து உதட்டோரம் கொப்புளம், ஒன்றிரண்டுதான், இன்னும் தண்ணீர் கோர்த்திருக்கிறது. இதுவும் அதே வைரஸ் என்றீர்களே. ஆடலாமா?

தோல் மருத்துவர், மதுரை:

வேண்டாம் தம்பி. தண்ணீர் கோர்த்திருக்கும்போதுதான் நன்றாகத் தொற்றும். இன்றே மருத்துவரைப் பார்த்து மாத்திரை தொடங்கச் சொல்லுங்கள். கையால் தொட்டுவிட்டுக் கண்ணைக் கசக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

வாடிப்பட்டி ரைடர்:

சரிங்க டாக்டர். சொல்லிவிட்டேன், கொஞ்சம் கோபம்தான் அவனுக்கு. அவன் தம்பியைப் பட்டியலில் எழுதியிருக்கிறோம்.